ஜூலியா மூரின் வாசலுக்கு வந்த டாக்சி

ஒரு ராணுவ முகாமின் பெயரை மாற்றினால் உனக்கென்ன என்று வீட்டில் கேட்டுவிட்டார்கள். நியாயமான கேள்விதான். நான் பட்டாளத்தில் இருந்தவன் இல்லை. இந்த நாட்டுக் குடிமகனும் இல்லை. பிழைப்புக்காக ஜார்ஜியா மாநிலத்தில் குடியிருக்கிறேன், அவ்வளவுதான். அட்லாண்டாவிலிருந்து தென்மேற்காகக் காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம், சட்டஹூச்சி ஆற்றங்கரையில் கொலம்பஸ் என்ற ஊர். அதை ஒட்டித்தான் அமெரிக்கக் காலாட்படையின் பெரிய பயிற்சி முகாம் இருக்கிறது. 1918இல் தொடங்கியபோது ஹென்றி பென்னிங் என்பவரின் பெயரை அதற்கு வைத்தார்கள். அடிமை முறையைக் காப்பாற்றிக்கொள்ளத் தென் மாநிலங்கள் பிரிந்தே ஆக வேண்டும் என்று முழங்கி, உள்நாட்டுப் போரில் அந்தத் தரப்பின் தளபதியாக நின்றவர் அவர். நூறு ஆண்டுகளுக்கும் மேல் அந்தப் பெயரே நிலைத்தது. 2023 மே 11 அன்று அதை எடுத்துவிட்டு ஃபோர்ட் மூர் என்று வைத்தார்கள். 2025இல் மறுபடியும் ஃபோர்ட் பென்னிங். இந்த முறை அது பழைய தளபதியைக் குறிக்காது, முதல் உலகப் போரில் பிரான்ஸில் காட்டிய வீரத்துக்காகப் பதக்கம் பெற்ற ஃபிரெட் பென்னிங் என்ற கார்ப்பரலைக் குறிக்கும் என்று பாதுகாப்புத் துறை அறிவித்தது. அந்தக் கார்ப்பரல் மீது எனக்கு ஒரு மனக்குறையும் கிடையாது. அவருடைய துணிச்சல் உண்மையானது. என் மனம் ஆறாமல் இருப்பது எடுக்கப்பட்ட பெயரை நினைத்து.

மூர் என்றால் ஒருவர் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். வியட்நாம் சண்டையில் பெயர் வாங்கிய லெப்டினென்ட் ஜெனரல் ஹால் மூர். ஆனால் அந்தப் பெயர் இரண்டு பேருக்கானது: ஹால் மூர், அவருடைய மனைவி ஜூலியா காம்ப்டன் மூர். ஒரு தம்பதியின் நினைவாக அமெரிக்க ராணுவ முகாம் ஒன்றுக்குப் பெயர் வைத்தது அதுவே முதல் முறை. துப்பாக்கி பிடிக்காத ஒரு பெண்ணை, ஐந்து பிள்ளைகளின் தாயை, கணவனுக்குச் சமமாக ஒரு காலாட்படை முகாமின் வாசலில் நிறுத்தினார்கள். அது இரண்டு ஆண்டுகூட நீடிக்கவில்லை. ஹால் மூரைப் பற்றிப் பேசுகிறவர்கள் 1965 நவம்பரில் அவர் நடத்திய சண்டையைப் பற்றியே பேசுகிறார்கள். என்னைப் பிடித்து ஆட்டுவது அந்தச் சண்டை முடிந்த பின் கொலம்பஸ் தெருக்களில் நடந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த மனிதர் முழுமையாகத் தெரிகிறார் என்று நான் நம்புகிறேன்.

கறையான் புற்றோரம்

ஹால் மூர் 1922இல் கென்டக்கி மாநிலத்தின் பார்ட்ஸ்டவுன் என்ற சிற்றூரில் பிறந்தவர். கத்தோலிக்கக் குடும்பம். ஜெபம் கடைசிவரை அவரை விட்டுப் போகவில்லை. வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் 1945இல் படிப்பை முடித்து வெளியே வந்தபோது உலகப் போர் முடியும் தறுவாயில் இருந்தது. பிறகு ஃபோர்ட் பிராக்கில் புதுவகைப் பாராசூட்டுகளைக் குதித்துப் பார்க்கும் வேலை. அந்தப் பிரிவில் முதன்முதலாகக் குதித்தபோதே பாராசூட் விமானத்தின் வாலில் சிக்கி, அவரை ஆகாயத்தில் இழுத்துக்கொண்டு போயிற்று. கயிற்றை அறுத்துக்கொண்டு, கைவசமிருந்த இன்னொரு பாராசூட்டை விரித்து இறங்கினார். அதற்குப் பிறகும் நூறு முறைக்கு மேல் குதித்தார். அந்த முகாமில்தான் ஜூலியாவைச் சந்தித்தார். அவரும் பட்டாளத்து வீட்டுப் பெண். கர்னல் ஒருவரின் ஒரே மகள். ஓக்லஹோமாவில் ஒரு ராணுவ முகாமிலேயே பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் தந்தை ஐரோப்பாவில் இருந்தபோது வீட்டில் காத்திருப்பது என்றால் என்ன என்று சிறு வயதிலேயே தெரிந்துகொண்டவர். 1949 நவம்பர் 22 அன்று திருமணம்.

அடுத்த பதினைந்து ஆண்டுகளை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். கொரியாவில் ஒரு கம்பெனி வீரர்களின் தளபதி. வெஸ்ட் பாயின்டில் ஆசிரியர். பின்னாளில் வளைகுடாப் போரை நடத்திய ஷ்வார்ஸ்காஃப் அங்கே அவரிடம் படித்தவர். நேட்டோ பணிக்காக ஆஸ்லோ. ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் முதுகலை. ஒவ்வொரு மாற்றலுக்கும் பெட்டி படுக்கையைக் கட்டியவர், புதுப் பள்ளிக்கூடத்தைத் தேடியவர், ஒவ்வொன்றாகப் பிள்ளைகளைப் பெற்று ஆளாக்கியவர் ஜூலியா. ராணுவ அதிகாரிகளின் வாழ்க்கைக் குறிப்புகளில் இந்த வரிகள் எப்போதும் கடைசிப் பத்தியில் வரும்: இவர் விட்டுச் சென்ற மனைவி, மக்கள், பேரப்பிள்ளைகள். மூர் விஷயத்தில் அப்படிக் கடைசிக்குத் தள்ள முடியாது.

1964இல் கொலம்பஸ் முகாமில் ஒரு பட்டாலியனை அவரிடம் ஒப்படைத்தார்கள். ஹெலிகாப்டரில் போய் இறங்கிச் சண்டையிடும் புதுமுறைப் போருக்கான பயிற்சி. மறு ஆண்டு அந்தப் பட்டாலியனுக்கு ஏழாவது குதிரைப்படை என்ற பழைய பெயர் வந்து சேர்ந்தது. 1876இல் கஸ்டர் தலைமையில் பூர்வகுடிகளிடம் அழிந்துபோன அதே படையின் பெயர். 1965 ஆகஸ்டில் வியட்நாமுக்குக் கிளம்ப உத்தரவு. கிளம்புவதற்கு முன் ஒரு நாள் இரவு ஆறு வயது மகளுக்குக் கதை படித்துக்கொண்டிருந்தபோது, போர் என்றால் என்னப்பா என்று அவள் கேட்டுவிட்டாள். தன்னால் முடிந்தவரை விளக்கியதாகவும், விளக்க விளக்க அவள் முகத்தில் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை என்றும் அவர் எழுதியிருக்கிறார். போரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதக்கூடிய ஒருவர் அந்த இடத்தில் அத்தோடு நிறுத்திக்கொண்டது எனக்குப் பிடிக்கும்.

கணவர்கள் போருக்குக் கிளம்பியதும், முகாமுக்குள் குடியிருந்த குடும்பங்கள் முப்பது நாட்களுக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றார்கள். ஆயிரக்கணக்கான வீரர்கள் ஒரே சமயத்தில் புறப்பட்டுப் போகிறார்கள். அவர்களுடைய மனைவிமார் கைக்குழந்தைகளோடு வாடகை வீடு தேடி அலைகிறார்கள். ஜூலியாவும் ஐந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கொலம்பஸில் ஒரு சிறிய வீட்டுக்குப் போனார். ராணுவத்தின் கணக்கில் அந்தப் பெண்கள் அன்றோடு முகாமைச் சேர்ந்தவர்கள் இல்லை. பின்னால் நடந்தவற்றுக்கெல்லாம் இதுதான் வேர் என்று நினைக்கிறேன்.

1965 நவம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை. இயா ட்ராங் பள்ளத்தாக்கில், சூ பாங் மலையடிவாரத்தில், எக்ஸ்-ரே என்று பெயரிட்ட ஒரு வெட்டவெளி. காலை 10:48க்கு முதல் ஹெலிகாப்டர் இறங்கியது. அதில் இருந்தவர் மூர். பட்டாலியனில் மொத்தம் சுமார் 450 பேர்; பதினாறு ஹெலிகாப்டர்களில் ஒரு தடவைக்கு எண்பது பேரைத்தான் கொண்டுவர முடியும்; போய்த் திரும்ப அரை மணி நேரம் ஆகும். இறங்கிய சற்று நேரத்தில் பிடிபட்ட வடவியட்நாமியச் சிப்பாய் ஒருவன், மலையில் மூன்று பட்டாலியன்கள் காத்திருக்கின்றன என்று சொன்னான். அவன் சொன்னது உண்மையாயிற்று. மூன்று நாள் சண்டை. வெட்டவெளியின் நடுவே ஆளுயரத்துக்குமேல் எழும்பிய ஒரு கறையான் புற்று இருந்தது. அதன் ஓரத்தில் வானொலியோடு உட்கார்ந்து மூர் சண்டையை நடத்தினார். எதிரியைத் துரத்திக்கொண்டு முன்னேறிய ஒரு பிளட்டூன், பட்டாலியனின் ஒரு சிறு பிரிவு, துண்டிக்கப்பட்டு, தளபதியை இழந்து, ஒரு சார்ஜென்ட் தலைமையில் இரவு முழுவதும் தரையோடு தரையாகக் கிடந்தது. மறுநாள் காலை சொந்த விமானம் தவறுதலாகப் போட்ட நேபாம் தீக்குண்டு, புற்றுக்குப் பக்கத்திலேயே தங்கள் ஆட்கள் மீதே விழுந்தது. இதற்கு நடுவில், நிலவரத்தை விளக்கிச் சொல்ல சைகோனுக்கு வா என்று மேலிடத்திலிருந்து அழைப்பு. என் ஆட்களை இங்கே விட்டுவிட்டு வர மாட்டேன் என்று மறுத்துவிட்டார்.

அந்த மறுப்பைப் பற்றி அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மேலிடத்து உத்தரவு, ஜெனரல்கள் காத்திருக்கிறார்கள், பதவி உயர்வுக்கு நல்ல சந்தர்ப்பம். சண்டைக்கு நடுவிலும் அவ்வப்போது ஒதுங்கி, என்ன நடக்கிறது, என்ன நடக்கவில்லை, நான் இன்னும் என்ன செய்ய முடியும் என்று மூன்று கேள்விகளைத் தனக்குத்தானே கேட்டுக்கொள்வாராம். செய்யக்கூடியது இன்னும் ஒன்று எப்போதும் பாக்கி இருக்கும் என்பது அவர் கட்சி. கடைசியில் தன் ஆட்கள் ஒவ்வொருவரும், இறந்தவர்களும் சேர்த்து, கணக்கில் வந்த பிறகே அந்த இடத்தை விட்டார். எக்ஸ்-ரேயில் இறந்த அமெரிக்கர்கள் 79 பேர். மறுநாள் சில மைல் தள்ளி ஆல்பனி என்ற இடத்தில் இன்னொரு பட்டாலியன் பதுங்கித் தாக்கிய படையிடம் சிக்கி 155 பேரை இழந்தது. நான்கு நாளில் 234 பேர்.

இந்த 234 என்ற எண் இரண்டு திசைகளில் பயணம் செய்தது. ஒன்று வாஷிங்டனுக்குப் போனது. நம் தரப்பில் ஒருவர் இறந்தால் எதிரி தரப்பில் பத்துக்கு மேல் இறக்கிறார்கள், இப்படியே போனால் எதிரிக்கு ஆள் தீர்ந்துபோகும் என்று தளபதி வெஸ்ட்மோர்லண்டின் தலைமையகம் கணக்குப் போட்டது. பாதுகாப்புத் துறை அமைச்சர் மக்னமாரா நவம்பர் கடைசியில் மூரின் படை முகாமிட்டிருந்த ஆன் கே என்ற ஊருக்கு வந்து மூரிடமே சண்டை விவரத்தைக் கேட்டார். கேட்டுக் கலங்கினார். ஊர் திரும்பி, மேலும் துருப்புகளை அனுப்பவே பரிந்துரைத்தார். இன்னொரு பக்கம் அதே எண் ஜார்ஜியாவில் கொலம்பஸ் நகரத்துக்குப் போனது. அங்கே அது ஒவ்வொரு வீட்டுக் கதவாகப் பிரிந்தது.

கொலம்பஸ் தெருக்களில்

இத்தனை சாவு ஒரே வாரத்தில் வரும் என்று ராணுவம் எதிர்பார்க்கவே இல்லை. யார் போய்ச் சொல்வது, எப்படிச் சொல்வது என்பதற்கு ஓர் ஏற்பாடும் இல்லை. ராணுவத் துறைச் செயலாளர் ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவிப்பதாகத் தொடங்கும் தந்திகள் கொலம்பஸ் அலுவலகத்தில் குவிந்தன. அவற்றை டாக்சிக்காரர்களிடம் கொடுத்துவிட்டார்கள். வாடகைக்கு வண்டி ஓட்டுகிற ஒரு மனிதர், வீட்டு எண்ணைத் தேடிக் கண்டுபிடித்து, கதவைத் தட்டி, யாரோ ஒரு பெண்ணின் கையில் அவள் கணவன் இறந்த செய்தியைக் கொடுத்துவிட்டு அடுத்த முகவரிக்குப் போக வேண்டும். அந்த ஓட்டுநர்களையும் நினைத்துப் பாருங்கள். அவர்கள் வாங்கிய கூலிக்கு அப்படியொரு வேலையை யாரும் யாருக்கும் கொடுக்கக்கூடாது. தெருவில் டாக்சி நுழைந்தாலே ஜன்னல்களில் முகங்கள். எந்த வீட்டு முன்னால் நிற்கப் போகிறது என்று பார்க்கும் முகங்கள். நம் வீட்டைத் தாண்டிப் போய்விட்டது என்ற நிம்மதியும், அப்படி நிம்மதிப்பட்டோமே என்ற வேதனையும் ஒரே கணத்தில்.

ஒரு டாக்சி ஜூலியாவின் வாசலிலும் நின்றது. ஓட்டுநர் மணியை அழுத்தினார். கதவைத் திறக்காமலே இருந்துவிட்டால் ஒன்றும் நடக்காது, எல்லாம் சரியாக இருக்கும் என்று முதலில் தோன்றியதாக ஜூலியா பிற்பாடு சொல்லியிருக்கிறார். பிறகு, வருவதைச் சந்தித்துத்தானே ஆக வேண்டும் என்று தன்னையே அதட்டிக்கொண்டு போய்த் திறந்தார். அந்த மனிதர் வழி கேட்க வந்திருந்தார். வேறு ஒரு வீட்டுக்கு.

நான் எவ்வளவோ போர்க் கதைகள் படித்திருக்கிறேன். வாசலுக்கும் கூடத்துக்கும் இடையில் அந்தப் பெண் நின்ற அந்த நேரத்தைப்போல வேறெதுவும் என்னைத் தாக்கியதில்லை. எனக்கு அது அந்நிய நாட்டுக் கதையாகத் தெரியவில்லை என்பதும் ஒரு காரணம். வேலூர் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருக்கும் ஊர்கள் உண்டு. நான் அப்படிப்பட்ட ஊரில் வளர்ந்தவன். எதிர்வீட்டு அத்தையின் கணவர் வடக்கே எல்லையில் இருந்தார். ஒரு மத்தியானம் அத்தை திண்ணையில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது தந்திக்காரர் சைக்கிளை அவர் வீட்டு வாசலில் நிறுத்தினார். அத்தை எழுந்து நின்றார். அரிசி கொட்டியதைக்கூடக் கவனிக்கவில்லை. "நல்ல சேதிதான் அம்மா, வாங்கிக்கொள்ளுங்கள்" என்று தந்திக்காரர் திரும்பத் திரும்பச் சொன்னார். அத்தை இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டியபடியே சுவரோடு ஒட்டிக்கொண்டார். பள்ளிக்கூடத்து வாத்தியார் வந்துதான் அதை வாங்கிப் படித்தார். மாமாவுக்கு விடுப்புக் கிடைத்துவிட்டது, புதன்கிழமை காட்பாடியில் இறங்குகிறார். கேட்ட பிறகும் அத்தையின் அழுகை நிற்கவில்லை. மாமா வந்து இறங்கி, டிரங்குப் பெட்டியைத் திறந்து எங்களுக்கெல்லாம் பிஸ்கட் கொடுத்த அன்றும் அவர் முகம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. 2013இல் இந்தியாவில் தந்திச் சேவையை மூடியபோது பத்திரிகைகள் பிரிவுபசாரக் கட்டுரைகள் வெளியிட்டன. எங்கள் தெருவில் யாரும் வருத்தப்பட்டிருக்க மாட்டார்கள்.

அத்தைக்கு அது வாழ்நாள் முழுவதும் உள்ளே தங்கிவிட்ட பயம். ஜூலியா அதை வேறு விதமாகக் கையாண்டார். அவர் பட்டாலியன் தளபதியின் மனைவி. தன் கணவன் உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்துவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு ஆண்டவனுக்கு நன்றி சொல்லியிருக்கலாம். அவர் டாக்சிகளுக்குப் பின்னாலேயே போனார். எந்த வீட்டுக்குத் தந்தி போகிறதோ அந்த வீட்டுக்கு அவரும் போனார். அந்தப் பெண்களோடு உட்கார்ந்தார். பெரும்பாலும் இருபது, இருபத்திரண்டு வயதுப் பெண்கள். கணவனின் பட்டாலியனிலிருந்து உடல்கள் வந்து முகாமின் கல்லறையில் அடக்கம் நடந்தபோதெல்லாம் போய் நின்றார். இதில் இருக்கும் கஷ்டத்தை யோசித்துப் பார்க்க வேண்டும். அந்த வீட்டுப் பிள்ளைகளைச் சண்டைக்குக் கூட்டிக்கொண்டு போனவர் அவருடைய கணவர். "உன் கணவன் மட்டும் எப்படிப் பிழைத்தான்?" என்று யாராவது கேட்டிருந்தால் அவரிடம் என்ன பதில் இருந்திருக்கும்? அப்படிக் கேட்கக்கூடும் என்று தெரிந்தேதான் அவர் ஒவ்வொரு வீட்டுப் படியும் ஏறினார்.

அதோடும் நிற்கவில்லை. அவரும், டிவிஷன் தளபதி கின்னார்டின் மனைவியும் இந்த முறையை எதிர்த்துப் பென்டகன் வரை புகாரைக் கொண்டுபோனார்கள். சில வாரங்களிலேயே நடைமுறை மாறியது. இனிமேல் சீருடை அணிந்த அதிகாரி ஒருவரும் மதகுரு ஒருவரும் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு ஓடிவிடாமல் குடும்பத்துக்கு வேண்டியதைச் செய்ய வேண்டும். இன்று அமெரிக்கப் படங்களில் வீட்டு வாசலில் இரண்டு சீருடைக்காரர்கள் வந்து நிற்கும் காட்சியைப் பார்க்கிறோமே, அது ஆதிகாலத்திலிருந்து வந்த ராணுவ மரபு என்று நானும் நினைத்திருந்தேன். அதை ராணுவத்திடமிருந்து வாங்கித் தந்ததில் ஓர் இல்லத்தரசியின் கோபத்துக்குப் பெரும்பங்கு உண்டு. அவருக்குப் பதவி இல்லை, சம்பளம் இல்லை, ஆணையிடும் அதிகாரம் இல்லை. சில மாதங்களுக்கு முன்புதான் முப்பது நாளில் வீட்டைக் காலி செய் என்று அதே ராணுவம் அவரிடம் சொல்லியிருந்தது.

இங்கேதான் எனக்கு ஹால் மூரும் ஜூலியா மூரும் ஒரே ஆளாகத் தெரிகிறார்கள். அதே நவம்பரில், உலகத்தின் இரண்டு மூலைகளில், இரண்டு பேரும் ஒரே காரியத்தைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு ஆளையும் கணக்கில் கொண்டுவராமல் அந்த இடத்தை விட்டுப் போக மாட்டேன் என்று அவர். ஒவ்வொரு வீட்டுக்கும் போகாமல் இருக்க மாட்டேன் என்று இவர். கலந்து பேசி முடிவெடுக்க வழியே இல்லை. கடிதம் போய்ச் சேரவே நாட்கள் ஆகும். பதினாறு ஆண்டு இல்லறத்தில் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்டது என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. நல்ல அதிகாரி, கூடவே நல்ல குடும்பஸ்தர் என்று இரண்டு குணங்களாகப் பிரித்து இரங்கல் குறிப்பு எழுதுகிறார்கள். மூருக்கு அவை இரண்டாக இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அதற்குப் பிந்தைய ஆண்டுகள்

ஹால் மூருக்கு டிஸ்டிங்குவிஷ்டு சர்வீஸ் கிராஸ் என்ற வீரப் பதக்கம் கிடைத்தது. கர்னல் ஆனார், பிரிகேட் தளபதி ஆனார். பிற்பாடு கொரியாவில் ஒரு டிவிஷனை ஏற்றபோது எதிரில் நின்றது வேறு வகைப் போர்: போதைப்பொருள், கறுப்பின வெள்ளையின வீரர்களுக்கு இடையே மோதல். கட்டாய ராணுவச் சேவை போய், விருப்பப்பட்டுச் சேர்கிறவர்களைக் கொண்ட ராணுவம் வந்த காலத்தில் அந்த மாற்றத்தைச் செய்து பார்த்தவர்களில் அவரும் ஒருவர். 1977இல் ஓய்வு. இந்த வேலைகளுக்கு யாரும் படம் எடுக்க மாட்டார்கள். நொறுங்கிக் கிடந்த ஒரு ராணுவத்தை மறுபடி மனிதர்கள் இருக்கக்கூடிய இடமாக்கியது இப்படிப்பட்ட அலுப்பூட்டும் உழைப்புதான். ஜூலியாவும் போன முகாம்களில் எல்லாம் குழந்தைகள் காப்பகம், படைவீரர் குடும்ப உதவி என்று இழுத்துப்போட்டுக்கொண்டு செய்தார்.

என் ஆட்கள் போய்விட்டார்கள், நான் இருக்கிறேனே என்ற குற்றவுணர்வு மூரை விடவில்லை. அதை அவர் மறைக்கவும் இல்லை. புற்றோரத்தில் தன்னோடு இருந்த பத்திரிகையாளர் ஜோ கேலோவேயோடு சேர்ந்து, பிழைத்தவர்களையும் இறந்தவர்களின் குடும்பங்களையும் ஆண்டுக்கணக்கில் தேடிப் பேசி, 1992இல் அந்தச் சண்டையைப் புத்தகமாக்கினார். எதிர்த்தரப்பில் சண்டையை நடத்திய நூயென் ஹூ ஆனையும் தேடிப் போனார். 1993இல் இரண்டு பேரும் அந்தப் பள்ளத்தாக்கில் ஒன்றாக நடந்தார்கள். மூர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி ஆனுக்குக் கொடுத்தார். ஆன் தன் தொப்பியைக் கொடுத்தார். ஆன் 1995இல் இறந்த பிறகு அவர் குடும்பத்தைப் பார்க்க ஹனோய்க்கு மூர் போனார். இறந்தவர் எதிரியானாலும் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அந்த வழக்கம் யாரிடமிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஜூலியா 2004 ஏப்ரலில் இறந்தார். வாஷிங்டனுக்கு அருகே ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் ஜெனரல்களுக்கான மரியாதை காத்திருக்க, மூர் குடும்பம் கொலம்பஸ் முகாமின் கல்லறையைத் தேர்ந்தெடுத்தது. 1965இல் ஜூலியா எந்தப் பையன்களின் அடக்கத்துக்குப் போய் நின்றாரோ, அவர்களுக்குப் பக்கத்திலேயே. மூர் இன்னும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் அலபாமாவின் ஆபர்னில் வாழ்ந்து, 2017 பிப்ரவரி 10 அன்று காலமானார். தொண்ணூற்றைந்து முடிய மூன்று நாள் இருந்தது. அவர் இறந்த அந்த நாள் ஜூலியாவின் பிறந்தநாள். அவரையும் ஜூலியா இருக்கும் கல்லறையிலேயே அடக்கம் செய்தார்கள்.

ஆக, முகாமின் வாசலில் பெயர் இல்லாவிட்டாலும் இருவரும் அந்த முகாமுக்குள்தான் இருக்கிறார்கள். இதைச் சொல்லி என்னைச் சமாதானப்படுத்திய நண்பர்கள் உண்டு. எனக்கு அது போதவில்லை. ஹால் மூரின் பெயர் எங்கேயும் அழியாது. பாடநூல்களில் இருக்கிறது, வெஸ்ட் பாயின்டில் அவர் சண்டையைச் சொல்லிக்கொடுக்காமல் விட முடியாது. கை நழுவிப்போனது ஜூலியாவுக்குக் கிடைத்த இடம். அந்த முகாமில் காலாட்படைக்குச் சேரும் பதினெட்டு வயதுப் பையன்கள், வீட்டுக்குக் கடிதம் எழுதும்போது கொஞ்ச காலம் ஃபோர்ட் மூர் என்று முகவரி எழுதினார்கள். அதைப் பிரித்துப் படித்த அம்மாக்களில் ஒருவராவது, யார் இந்த மூர் என்று தேடியிருப்பார். தேடியிருந்தால் தன்னைப் போன்ற ஒரு தாயின் பெயரையும் அதில் கண்டிருப்பார். அரசாங்கம் ஒருவரைக் கௌரவிக்க இன்னொருவரை இறக்க வேண்டிய அவசியமே இல்லை. கார்ப்பரல் பென்னிங்கின் வீரத்துக்கு வேறு ஆயிரம் வழிகளில் மரியாதை செய்திருக்கலாம்.

முகாமின் பெயரை மறுபடி மாற்றுங்கள் என்று கேட்க எனக்கு இந்த நாட்டில் வாக்குகூட இல்லை. கேட்கக்கூடியவர்களுக்கு ஒன்று சொல்வேன். வீட்டு வாசலில் போய் நின்று சாவைச் சொல்ல வேண்டிய அதிகாரிகளுக்கு ராணுவம் தனியாகப் பயிற்சி கொடுக்கிறது. எந்த வார்த்தையில் தொடங்குவது, கேட்டவர் கீழே சரிந்தால் என்ன செய்வது, எவ்வளவு நேரம் கூட இருப்பது என்பதுவரை அதில் உண்டு. அந்தப் பயிற்சிக்கு ஜூலியா காம்ப்டன் மூரின் பெயரை வையுங்கள்.